வானம் என்றொரு பச்சை, பாகு என்றொரு சாம்பல்

சாப்பாட்டு மேசையின் ஒரு முனையில் பழைய செய்தித்தாளை விரித்து இரண்டு விமானங்களை நிறுத்தியிருக்கிறேன். ஒன்று பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் மார்க் 1, ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தின் கிட். மற்றது ஜப்பான் கடற்படையின் ஜீரோ, மாடல் 21, தமியா நிறுவனத்தின் கிட். இரண்டும் 1/72 அளவு. நிஜத்தில் 11.23 மீட்டர் இருந்த ஸ்பிட்ஃபயரின் இறக்கை இங்கே 15.6 சென்டிமீட்டர். 12 மீட்டர் இருந்த ஜீரோவின் இறக்கை 16.7 சென்டிமீட்டர். நீளத்தில் ஸ்பிட்ஃபயர் ஒரு மில்லிமீட்டர் கூட. தட்டு வைக்க இடம் வேண்டுமென்றால் இரண்டையும் செய்தித்தாளோடு சேர்த்துத் தூக்கி ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிடலாம். எங்கள் வீட்டில் தினம் இரண்டு வேளை அப்படித்தான் நடக்கிறது.

இந்த இரண்டில் எது சிறந்த விமானம் என்ற சண்டை எண்பது வருடப் பழசு. அதற்குள் நான் போகவில்லை. இரண்டையும் பிளாஸ்டிக்கில் ஒட்டி வர்ணம் அடிக்கும்போது கை எங்கே தடுமாறுகிறது, கண் எங்கே தடுமாறுகிறது என்பதுதான் என் கணக்கு. ஸ்பிட்ஃபயரில் ஒட்டுவது பாடு. ஆனால் என்ன நிறம், எந்த மாதம், எந்த உத்தரவு என்று கேட்டால் பதில் காகிதத்தில் இருக்கிறது. ஜீரோவில் ஒட்டுவது பாடே இல்லை. ஆனால் என்ன நிறம் என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டிய காகிதங்கள் 1945 ஆகஸ்டில் எரிந்துபோயின. தொடக்கத்தில் இப்படித்தான் நினைத்தேன். பாதி சரி.

72 என்ற எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. அது அடிக்கணக்கில் பிறந்தது: 6 அடி ஆள் 1 அங்குலம் ஆவான். போர் நடந்த காலத்தில் இந்த அளவு விமானங்கள் விளையாட்டுச் சாமானாக மட்டும் இருக்கவில்லை. வருவது நம்முடையதா எதிரியுடையதா என்று விமானிகளுக்கும் பீரங்கிக்காரர்களுக்கும் கண் பழக்குவதற்காக இதே அளவில் மாதிரிகள் தேவைப்பட்டன. 1942-இல் அமெரிக்கக் கடற்படை தன் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளிடம் 5 லட்சம் மாதிரிகள் கேட்டது. அவர்கள் மரத்தில் செதுக்கிக் கொடுத்தார்கள். அதில் ஜீரோவும் உண்டு, ஸ்பிட்ஃபயரும் உண்டு. மீட்டர் கணக்கில் வாழும் ஜப்பான்காரர்களும் பின்னாளில் இந்த அங்குலக் கணக்கையே ஏற்றுக்கொண்டார்கள். இந்தப் பொழுதுபோக்கில் அளவுகோல் விஷயத்தில் மட்டும் பிரிட்டன் இன்னும் தோற்கவில்லை.

மற்ற விஷயங்களில் தோற்றிருக்கிறது. ஏர்ஃபிக்ஸை 1939-இல் லண்டனில் தொடங்கியவர் நிக்கோலஸ் கோவ் என்ற ஹங்கேரி யூதர். முதலில் காற்றடைத்த ரப்பர் பொம்மைகள், போருக்குப் பிறகு தலைவாரும் சீப்புகள். சீப்பு வார்த்த இயந்திரத்தில் 1949-இல் ஒரு டிராக்டர் நிறுவனத்தின் விளம்பரத்துக்காகக் குட்டி டிராக்டர் வார்த்தார்கள். 1952-இல் கோல்டன் ஹைண்ட் கப்பல், பிளாஸ்டிக் பையில் போட்டு 2 ஷில்லிங்குக்கு உல்வொர்த் கடைகளில் வந்தது. 1953-இல் முதல் விமானம். வேறென்ன, ஸ்பிட்ஃபயர்தான். அதன் வடிவம் பிசகியது. சில வருடங்களிலேயே புது அச்சு வெட்ட வேண்டியதாயிற்று. பிறகு அதே விமானத்துக்கு எத்தனையோ அச்சுகள். 1981-இல் நிறுவனம் நொடித்தது, கை மாறியது, 2006-இல் மறுபடி விழுந்து ஹார்ன்பி நிறுவனத்திடம் போனது. என்னிடம் இருப்பது 2010-இல் வெட்டிய அச்சு. பெட்டியின் ஓரத்தில் ‘மேட் இன் இந்தியா’ என்று இருந்தது. அந்த வருடங்களில் ஏர்ஃபிக்ஸ் கிட்டுகள் பலவும் இந்தியாவில் வார்க்கப்பட்டன. இங்கே வார்த்து, இங்கிலாந்து போய், அங்கிருந்து கப்பல் கூலி கொடுத்து என் வீட்டுக்குத் திரும்பி வந்த ஸ்பிட்ஃபயர் அது.

தமியா வேறு மண். 1946-இல் ஷிசுவோகா ஊரில் யோஷியோ தமியா தொடங்கியது மர அறுவை மில். மிச்ச மரத்தில் கப்பல், விமான மாதிரிகள் என்று கிளை விட்டது. 1951-இல் தீ விபத்து. 1960-இல் முதல் பிளாஸ்டிக் கிட்டாக யமாட்டோ போர்க்கப்பலைக் கொண்டுவந்தபோது போட்டியாளர் விலையைக் குறைத்துவிட, நஷ்டம். அடுத்து வந்த பேந்தர் டாங்கிதான் நிறுவனத்தைத் தூக்கி நிறுத்தியது. அதில் மோட்டார் ஓடியது ஒரு காரணம். பெட்டி மேல் இருந்த படம் இன்னொரு காரணம்: சிறுவர் இதழ்களில் சாகசப் படங்கள் வரைந்து பேரெடுத்த ஷிகெரு கொமாட்சுசாகியின் கை அது. ஏர்ஃபிக்ஸுக்கும் இப்படி ஓர் ஓவியர் வாய்த்தார். 1964 முதல் ராய் கிராஸ் வரைந்த பெட்டிகளை மனத்தில் வைத்துக்கொண்டு இன்றும் கிட் வாங்குகிற கிழவர்கள் இங்கிலாந்தில் உண்டு. கிராஸின் விமானம் புகைக்கும் மேகத்துக்கும் நடுவே சண்டையில் இருக்கும். தமியாவோ பிற்காலத்தில் பெரும்பாலும் வெள்ளைப் பின்னணிக்குப் போய்விட்டது. பொருள் மட்டும் நிற்கும், பின்னால் ஒன்றும் இருக்காது. ஏர்ஃபிக்ஸ் ஒரு சம்பவத்தை விற்கிறது, தமியா ஒரு பொருளை விற்கிறது. பெட்டியைத் திறந்தாலும் இந்த வித்தியாசம் அப்படியே தொடர்கிறது.

ஸ்பிட்ஃபயரில் ஒரு நேர்கோடு தேடுங்கள், கிடைக்காது. வடிவமைப்பாளர் மிட்செலும் அவர் குழுவும் 1936 மார்ச் 5 அன்று பறக்கவிட்ட அந்த விமானத்தின் இறக்கை நீள்வட்டம். அது உடலோடு சேரும் இடம் துணி மடிந்து விழுவதுபோல ஒரு குழிவு. அடியிலிருந்து பார்த்தால் இறக்கையின் வேர் இன்னொரு பக்கம் வளைகிறது. நிஜத் தொழிற்சாலையிலேயே தகடு தட்டுகிறவர்களை அழவைத்த வடிவம் இது. கிட்டிலும் அந்த வேர்ப்பகுதிதான் சோதனை. கீழ் இறக்கை ஒரே துண்டு, மேல் இறக்கை இரண்டு துண்டு, உடல் இரண்டு பாதி, ஐந்தும் ஓரிடத்தில் சந்திக்கின்றன. நான் அவசரக்காரன். ஒட்டும் பசை காய்வதற்கு முன் டேப் போட்டு இழுத்துக் கட்டாமல் விட்டதில், வேரில் தலைமுடி நுழைகிற அளவுக்கு இடைவெளி விழுந்தது. பிறகு கார் டிங்கரிங் கடையில் செய்வதைத்தான் செய்தேன்: பட்டி பார்த்து, உப்புத்தாளில் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, மறுபடி பட்டி. மூன்றாவது தேய்ப்பில் இடைவெளி போயிற்று. கூடவே இடது பக்கக் குழிவும் போயிற்று. தேய்க்கத் தெரிந்த அளவுக்கு எனக்கு நிறுத்தத் தெரியவில்லை.

2010-ஐ ஒட்டிய ஏர்ஃபிக்ஸ் அச்சுகளைப் பற்றி எல்லோரும் சொல்லும் ஒரு குறை, தகட்டு இணைப்புக் கோடுகள் ரொம்ப ஆழம் என்பது. இதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். கிட்டில் ஒரு கோடு 0.2 மில்லிமீட்டர் அகலம் என்று வையுங்கள். 72-ஆல் பெருக்கினால் 14.4 மில்லிமீட்டர். அதாவது ஸ்பிட்ஃபயரின் இரண்டு தகடுகளுக்கு நடுவே சுண்டுவிரல் புகலாம். நிஜ விமானத்தில் அந்த இடைவெளி ஒன்றிரண்டு மில்லிமீட்டர். சரியாகச் சுருக்கினால் கண்ணுக்கே தெரியக் கூடாது. ஆகவே தமியாவின் மெல்லிய கோடுகளும் பொய்தான். மெல்லிய பொய். ஆனால் கோடே இல்லாத விமானத்தைச் செய்து கொடுத்தால் நம்மில் ஒருவரும் வாங்கமாட்டோம்.

ஜீரோவில் பட்டி டப்பாவின் மூடியைத் திறக்கவே இல்லை. தண்ணீர் மாதிரி இருக்கும் மெல்லிய பசையைத் தூரிகை நுனியில் எடுத்து இணைப்பில் தொட்டால் போதும், இடுக்கு வழியே தானாக ஓடுகிறது; இரண்டு பக்கப் பிளாஸ்டிக்கும் உருகி ஒன்றாகிறது. பெயர்தான் பசை, வேலை பற்றவைப்பு. இணைப்புகளை நிஜத் தகட்டு விளிம்புகளிலேயே ஒளித்து வைத்திருக்கிறார்கள் அச்சு வெட்டியவர்கள். இதில் கிட்டின் கெட்டிக்காரத்தனம் போக, ஜீரோவின் கெட்டிக்காரத்தனமும் உண்டு. அதை வடிவமைத்த ஜிரோ ஹொரிகோஷி எடையைக் கிராம் கிராமாகக் குறைத்தவர். இறக்கையையும் விமானி அமரும் முன்னுடலையும் ஒரே கட்டுமானமாகச் செய்து, பின்னுடலைத் தனியாகப் போல்ட் போட்டு மாட்டினார். அதனால்தான் 1939-இல் முதல் ஜீரோவை நகோயா தொழிற்சாலையிலிருந்து கிட்டத்தட்ட 48 கிலோமீட்டர் தள்ளியிருந்த ககாமிகஹாரா விமானத் தளத்துக்குப் பிரித்து எடுத்துப்போக முடிந்தது. எடுத்துப்போனது லாரியில் அல்ல, மாட்டு வண்டியில். உலகின் மிகச் சிறந்த போர் விமானங்களுள் ஒன்று ஏப்ரல் 1 அன்று பறப்பதற்கு முன், மாடு இழுத்து, இரவில் ஊர்ந்து போயிருக்கிறது. பிரித்து மாட்டவே பிறந்த விமானம் என்று அதைச் சொல்லலாம்.

ஒரு வாரம் ஆனது ஸ்பிட்ஃபயரை ஒட்ட. ஜீரோ இரண்டு மாலை. நியாயமாக எனக்கு ஜீரோ கிட் பிடித்திருக்க வேண்டும். ஆனால் இன்று கண்ணை மூடிக்கொண்டு ஸ்பிட்ஃபயரின் இறக்கை வேர் எப்படி வளைகிறது என்று என்னால் விரலால் காட்ட முடியும். ஜீரோவில் அந்த இடம் எப்படி இருக்கும் என்று கேட்டால் எழுந்துபோய்ப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இனி வர்ணம்.

ஸ்பிட்ஃபயருக்கு நான் தேர்ந்தெடுத்தது 234-ஆம் படைப்பிரிவு, 1940 ஆகஸ்ட். காரணம் கொஞ்சம் ஊர்ப்பாசம். மதராஸ் மாகாணத்தில் திரட்டிய போர்நிதிக்கு நன்றியாக அந்தப் பிரிவுக்குப் பின்னாளில் ‘மதராஸ் பிரசிடென்சி’ என்ற பெயர் சேர்ந்தது. பிரிட்டனுக்கான வான்போரில் அது ஸ்பிட்ஃபயர் ஓட்டியது. மேல்பக்கம் கரும்பச்சையும் மண்பழுப்பும். இந்தத் திட்டு இங்கே ஆரம்பித்து அங்கே முடிய வேண்டும் என்று விமான அமைச்சகம் வரைபடமே போட்டுக் கொடுத்திருந்தது. அதிலும் ஏ, பி என்று இரண்டு வகை. ஒன்று மற்றதன் கண்ணாடி பிம்பம். விமானத்தின் தொடர் எண் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பதைப் பொறுத்து வகை மாறும். ஹம்ப்ரால் வர்ண டப்பாக்களில் 29 மண்பழுப்பு, 30 கரும்பச்சை. மேல்பக்கத்தில் குழப்பமே இல்லை.

அடிப்பக்கம்தான் குழப்பம். அங்கே அடிக்க வேண்டிய நிறத்தின் பெயர் ‘ஸ்கை’. வானம். டப்பாவைத் திறந்து முதன்முறை பார்த்தவர் யாரும் அதை வானம் என்று சொல்லமாட்டார். நாலைந்து தடவை துவைத்து வெளுத்த பிஸ்தா பச்சை அது. இந்த நிறம் வந்த வழியில் ஓர் இந்திய மகாராஜா நிற்கிறார். ஆஸ்திரேலியரான சிட்னி காட்டன், உளவுப் படம் எடுக்கும் விமானப் பிரிவை உருவாக்கியவர். லண்டனுக்கு அருகே ஹெஸ்டன் தளத்தில் ஜோத்பூர் மகாராஜாவின் தனி விமானம் கிளம்பிய சற்று நேரத்தில் கண்ணிலிருந்து கரைந்துபோனதைப் பார்த்தாராம்; அதன் வெளிர்பச்சையைத்தான் தன் விமானங்களுக்குக் கேட்டு வாங்கினாராம். காட்டன் தன்னைப் பற்றிச் சொன்ன கதைகளில் கொஞ்சம் மசாலா இருக்கும், அதைக் கழித்துக்கொள்ளுங்கள். ‘காமோடின்ட்’ என்று பேர் வைத்த அந்த வர்ணம்தான் பின்பு விமானப் படையின் ‘ஸ்கை’ ஆனது.

அதுவரை போர் விமானங்களின் அடிப்பக்கத்தில் ஓர் இறக்கை கறுப்பு, மறு இறக்கை வெள்ளை. தரையிலிருந்து பார்ப்பவர் நம் ஆள் என்று அறிவதற்காக. 1940 ஜூனில் உத்தரவு வந்தது: எல்லாம் இனி ஸ்கை. உத்தரவு வந்த வேகத்தில் வர்ணம் வரவில்லை. இருந்த நீலத்தில் இருந்த மஞ்சளைக் கலந்து, கிடைத்ததை அடித்தார்கள். ஒரு விமானத்தின் அடி வெளிர்நீலம், பக்கத்து விமானத்தின் அடி பச்சை. சில மாதம் கழித்து நவம்பர் இறுதியில் இன்னோர் உத்தரவு: இடது இறக்கையின் அடியை மறுபடி கறுப்பாக்கு, வாலுக்கு முன்னால் ஸ்கை நிறத்தில் ஒரு பட்டை போடு. 1941 ஆகஸ்டில் மண்பழுப்பே போய்ச் சாம்பல் வந்தது. அதற்கான கடல்சாம்பல் கைக்குக் கிடைக்கும்வரை, இளஞ்சாம்பல் 7 பங்குக்குக் கறுப்பு 1 பங்கு கலந்து அடிக்கச் சொன்னார்கள். ஏழுக்கு ஒன்று என்று கணக்கு எழுதியது அமைச்சகம். இரவு மழையில், தார்ப்பாய்க்கு அடியில், வாளியில் கலந்தவன் எத்தனைக்கு எத்தனை ஊற்றினான் என்று எந்தக் கோப்பிலும் இல்லை.

காகிதம் நிறைய இருக்கிறது என்ற என் நிம்மதி இங்கேதான் கலைந்தது. உத்தரவின் தேதி தெரியும், என் ஸ்பிட்ஃபயரின் அடி அந்த ஆகஸ்டில் நீலமா பச்சையா என்பது தெரியாது. ஹம்ப்ரால் 90 அடித்தேன். காகிதத்தோடு ஒத்துப்போகிறது, அதற்குமேல் சத்தியம் பண்ணமாட்டேன்.

ஜீரோவின் கதை தலைகீழ். ஜப்பானியப் பேரரசு ஆண்டு 2600, அதாவது 1940-இல் சேவைக்கு வந்ததால், அந்த எண்ணின் கடைசி இலக்கமான பூஜ்யம். பூஜ்யத்துக்கு வர்ணமும் ஒன்றுதான்: மேலும் கீழும் ஒரே வெளிர்நிறம், மூக்கு மட்டும் நீலம் ஓடிய கறுப்பு. இதை எதிரில் பார்த்தவர்கள் வெளிர்சாம்பல் என்றும், ஏறக்குறைய வெள்ளை என்றும் எழுதிவைத்தார்கள். பல பத்தாண்டுகள் கிட் செய்கிறவர்களும் சாம்பலே அடித்தார்கள். பிறகுதான் கடற்படையின் விமானத் தொழில்நுட்பக் கூடம் 1942 பிப்ரவரியில் எழுதிய ஓர் உருமறைப்பு ஆய்வறிக்கையின் ஒரு வரி இந்த உலகத்தைக் கலக்கியது. ஜீரோவில் இப்போது அடிக்கும் நிறம், ஜே3 என்ற சாம்பல்தான், ஆனால் சற்று ‘அமெ’ நிறம் ஏறியது என்று அதில் இருந்தது.

அமெ என்றால் அரிசி, தினை போன்றவற்றின் மாவுச்சத்தைக் காய்ச்சி எடுக்கும் ஜப்பானிய இனிப்புப் பாகு. இதைப் படித்ததும் ஆங்கிலம் பேசும் ஆர்வலர்கள் கேரமல் என்றார்கள், அம்பர் என்றார்கள். சிலர் ஜீரோவை டீ நிறத்துக்கே கொண்டுபோனார்கள். அடுப்படியில் பாகு காய்ச்சிப் பார்த்தவர்கள் கேட்கும் கேள்வியை அவர்களில் பலர் கேட்கவில்லை: எந்தப் பதத்துப் பாகு? அதிரசத்துக்குக் காய்ச்சும் வெல்லப்பாகு அடுப்பில் ஏறிய நேரம் ஒரு நிறம், தக்காளிப் பதத்தில் ஒரு நிறம், கை அயர்ந்தால் ஒரு நிறம். ஜப்பானிய அமெயும் தெளிந்த வெளிர்மஞ்சளிலிருந்து ஆழ்ந்த பழுப்புவரை போகும். மயில்கழுத்து, கிளிப்பச்சை, அரக்கு, மாம்பழ மஞ்சள் என்று புடவைக்கடையில் நாம் சொல்லும்போதும் இப்படித்தான். சொல்கிறவரும் கேட்கிறவரும் ஒரே புடவையைப் பார்த்துக்கொண்டிருந்தால் குழப்பமில்லை. அறிக்கை எழுதியவர் முன்னால் விமானம் நின்றது. நம் முன்னால் சொல் மட்டும் நிற்கிறது.

சொல் போதாதபோது உலோகம். 1941 டிசம்பர் 7 அன்று பேர்ல் ஹார்பரைத் தாக்கிவிட்டு ஹிர்யூ கப்பலுக்குத் திரும்ப முடியாத ஒரு ஜீரோ, ஹவாயின் நீஹாவ் தீவில் விழுந்தது. அதன் சிதைவு இன்றும் ஹவாயிலேயே ஓர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இப்படிப் பல இடங்களில் கிடைத்த தகட்டுத் துண்டுகளை ஆராய்ந்தவர்கள் கண்டது சுவாரசியமானது. மேலே சுண்ணாம்புபோல வெளுத்த சாம்பல்; மெல்லத் தேய்த்து மெருகேற்றினால் அடியில் பழுப்பும் பச்சையும் ஓடிய ஒரு சாம்பல். வர்ணம் வெயிலிலும் உப்புக்காற்றிலும் பொடிந்து வெளுத்திருக்கிறது. வெள்ளை என்று சொன்ன எதிரியும் பொய் சொல்லவில்லை, பாகு என்று எழுதிய ஜப்பானியரும் பொய் சொல்லவில்லை. இருவரும் பார்த்தது ஒரே விமானத்தின் வேறு வேறு வயது. இன்னொன்று: அசையும் வால்பகுதி, இறக்கை விளிம்பு இவற்றுக்கு உலோகம் கிடையாது, துணி. துணியில் அந்த நிறம் இன்னும் வெளிறிய சாம்பலாக நின்றது. ஆக, ஒரே ஜீரோவில் இரண்டு நிழல்.

அமெரிக்கர்கள் கையில் முழுசாகவே ஒன்று கிடைத்ததே என்று கேட்கலாம். 1942 ஜூன் 4 அன்று அலூஷியன் தீவுக்கூட்டத்தின் அகுட்டான் தீவில், சதுப்பில் கவிழ்ந்த ஜீரோ அது. ஓட்டி வந்த தடயோஷி கோகா கழுத்து முறிந்து இறந்தார். ரியூஜோ கப்பலிலிருந்து கிளம்பியவர். அதே ரியூஜோதான் இரண்டு மாதம் முன்பு, ஏப்ரல் 6 அன்று, அன்றைய மதராஸ் மாகாணத்தின் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டுவிட்டுப் போனது. அகுட்டான் ஜீரோவை சான்டியேகோவுக்குக் கொண்டுபோய்ப் பழுது பார்த்து, செப்டம்பரில் பறக்கவிட்டார்கள். எப்படித் திரும்புகிறது, எங்கே திணறுகிறது என்று எல்லாவற்றையும் அளந்தார்கள். அதற்கு முன் ஒரு காரியம் செய்தார்கள்: அமெரிக்க நீலச்சாம்பல் அடித்து, வெள்ளை நட்சத்திரம் போட்டுவிட்டார்கள்.

காகிதம் உத்தரவைச் சொல்கிறது, தகடு வயதைச் சொல்கிறது. வர்ணம் காய்ந்த முதல் நாள் காலையில் அந்த விமானம் எப்படி இருந்தது என்பதை இரண்டும் சொல்வதில்லை. ஸ்பிட்ஃபயருக்குப் பதில் உண்டு, ஜீரோவுக்கு இல்லை என்று தொடங்கியவன் இங்கே வந்து நின்றேன். ஒருவேளை ஜீரோக்காரர்கள் அதிர்ஷ்டசாலிகள். காகிதம் இல்லாததால் அவர்கள் பொருளைத் தேடிப் போனார்கள். காகிதம் இருப்பதால் ஸ்பிட்ஃபயர்க்காரர்கள் பலர் தேடுவதை நிறுத்திவிட்டார்கள்.

தமியாவே 2006-இல் பெரிய அளவு ஜீரோ மாடல் 21 வந்த சமயத்தில் இதற்கென எக்ஸ்எஃப்-76 என்று ஒரு சாம்பல்பச்சை வர்ணத்தைக் கொண்டுவந்தது. அதை அப்படியே அடிக்கலாம். நான் பிளாஸ்டிக் கரண்டிகள் நாலைந்தில் அடித்துப் பார்த்து, துளி மஞ்சள்பழுப்பு சேர்த்துக்கொண்டேன். டியூப்லைட்டில் சாம்பல், மஞ்சள் பல்பில் பாகு, பால்கனி வெயிலில் இரண்டும் இல்லாத ஒன்று. மனைவி வந்து பார்த்துவிட்டு, “எல்லாக் கரண்டியும் ஒரே கலர்தானே?” என்றாள்.

உள்பக்கத்துக்கு ஜப்பானியர் வைத்த பெயர் இன்னும் அழகு: அஓதகெ, பச்சை மூங்கில். துருப்பிடிக்காமலிருக்க அலுமினியத்தின் மேல் பூசிய, ஒளி ஊடுருவும் நீலப்பச்சை வார்னிஷ். முதலில் வெள்ளி, அதன்மேல் கண்ணாடிப் பச்சையும் கண்ணாடி நீலமும் கலந்து மெல்லிசாக ஒரு கோட். காய்ந்ததும் பொன்வண்டின் முதுகு மாதிரி மின்னுகிறது. பிறகு உடலின் இரண்டு பாதியையும் ஒட்டி மூடிவிடுகிறோம். இனி யாரும் பார்க்கப்போவதில்லை. ஸ்பிட்ஃபயரின் உள்பக்கம் சாம்பல்பச்சை, பெயரும் சாம்பல்பச்சை. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

அடிக்கிற வேலையில் ஜீரோ என்னைப் பழிவாங்கியது. ஸ்பிட்ஃபயரில் பச்சையும் பழுப்பும் திட்டுத்திட்டாக இருப்பதால், நான் தேய்த்துக் கெடுத்த இடது வேர் அந்தத் திட்டுக்குள் ஒளிந்துகொண்டது. உருமறைப்பு எதிரியிடமிருந்து விமானத்தை மறைத்ததோ இல்லையோ, விருந்தாளிகளிடமிருந்து என் கைவேலையை மறைக்கிறது. திட்டின் விளிம்பு மென்மையாகக் கரைய வேண்டும் என்று ஏர்பிரஷில் சிலர் பனிமூட்டம் போல அடிப்பார்கள். அதுவும் கணக்கில் தப்பு. நிஜத்தில் 25 மில்லிமீட்டர் கரைந்த விளிம்பு இங்கே 0.35 மில்லிமீட்டர்தான். டேப் ஒட்டிக் கூர்மையாக அடிப்பதே உண்மைக்குக் கிட்டத்தில். ஜீரோவிலோ ஒரே நிறம், ஒளிய இடமில்லை. அடைமழை மாதத்தில் அடித்தேன். காற்றின் ஈரத்தை வாங்கி லாக்கர் ஓர் இறக்கையில் பால்போல வெளுத்தது. தின்னரில் துடைத்து மறுபடி அடித்தேன். அந்த வெளுப்பு, பேர்போன பொடிந்த சாம்பலுக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்ததைத் துடைத்த பிறகுதான் யோசித்தேன்.

அழுக்காக்குவது பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஜீரோ என்றாலே வர்ணம் உரிந்து தொங்க, வெள்ளித் தகடு தெரிய வேண்டும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. ரபாவுல் போன்ற தளங்களில் போரின் பிற்பகுதியில் எடுத்த படங்கள்தான் அதற்கு வேர். நான் செய்தது 1942 ஏப்ரல் ஜீரோ. விமானந்தாங்கிக் கப்பலில், பேர்ல் ஹார்பர் முடித்து வந்த, தேர்ந்த பணியாளர்கள் கழுவித் துடைத்த விமானம். அப்போதைய ஜீரோக்களின் வர்ணப்பூச்சு தரமானது. ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலை கொழும்பின் மேல் 36 ஜீரோக்கள் வந்தன. நான்கு நாள் கழித்துத் திருகோணமலை. சைனா பே தளத்திலிருந்து எழும்பி எதிர்கொண்டவை ஸ்பிட்ஃபயர்கள் அல்ல, ஹரிக்கேன்கள். அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் பிரிட்டனின் ஹெர்மிஸ் கப்பல் மூழ்கியது. அந்த ஏப்ரலில் மதராஸ் நகரம் பாதி காலியாகி ஓடியது. பேர்ல் ஹார்பருக்குப் போன ஆறு விமானந்தாங்கிக் கப்பல்களில் ககா மட்டும் இந்தப் பயணத்தில் இல்லை. நான் எடுத்துக்கொண்டது சுயிகாகு கப்பலின் அடையாளம்: வாலுக்கு முன்னால் இரண்டு வெள்ளைப் பட்டை. வெளிர்நிறத்தின் மேல் வெள்ளை. நாலடி தள்ளி நின்றால் தெரியாது. திருகோணமலை நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்தபோது அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். எங்கள் பாட்டி இதற்குப் பயந்துதான் காட்டுக்குள் போய் இருந்தாராம் என்று சொல்லி, சக்கரம் உடையாமல் பதமாக வைத்தார். அதற்குப் பிறகு அந்த விமானத்தின் மேல் கறை, எண்ணெய் ஒழுகல் என்று எதையும் நான் சேர்க்கவில்லை.

டெக்கால் என்னும் ஒட்டுப்படங்களை ஒட்டுவது இரண்டிலும் ஒரே வேலை: மினுமினுப்பு வார்னிஷ் அடித்துவிட்டு, அரை நிமிடம் தண்ணீரில் நனைத்து, நகர்த்தி வைத்து, மறுபடி மங்கல் வார்னிஷ். சிவப்பு வட்டம் சுலபம். ஸ்பிட்ஃபயரின் நீலம், வெள்ளை, சிவப்பு, மஞ்சள் வளையங்கள் வளைந்த உடலில் சுருங்கும், பொறுமை வேண்டும். இறக்கையின் முன்விளிம்பில் எட்டு துப்பாக்கி வாய்களுக்கும் சிவப்புத் துணி ஒட்டு உண்டு, சுடும்வரை குளிர் உள்ளே போகாமலிருக்க. எட்டில் ஒன்று டெக்கால் தண்ணீரில் தொலைந்துபோனது. சிவப்பு வர்ணத்தில் ஒரு புள்ளி வைத்தேன்.

கடைசியில் மிச்சம் ஆன்டெனா கம்பி. கிட்டின் உதிரிச் சட்டத்தில் ஒரு துண்டை மெழுகுவர்த்திக்கு மேலே காட்டி, பளபளத்து இளகும் நொடியில் இரண்டு பக்கமும் இழுத்தால் முடியைப்போல நீளும். தமியாவின் பிளாஸ்டிக் எனக்கு ஒவ்வொரு முறையும் அறுந்தது. ஏர்ஃபிக்ஸின் மெத்தென்ற சாம்பல் சட்டம் கை நீளத்துக்கு வந்தது. அதில் ஒரு துண்டை ஜீரோவின் கம்பத்திலிருந்து வாலுக்குக் கட்டினேன். ஸ்பிட்ஃபயருக்குக் கட்டப்போனபோது கை நின்றது. 1940 கோடையின் பிற்பகுதியில் அந்த விமானங்களுக்குப் படிப்படியாகப் புது வானொலி வந்தது; அது பொருத்தியதும் கம்பியைக் கழற்றிவிட்டார்கள். 234-ஆம் பிரிவின் இந்த விமானத்துக்கு அது ஆகஸ்டில் வந்துவிட்டதா? இழுத்து வைத்த மற்றத் துண்டு இன்னும் மேசையில், தீப்பெட்டிக்குள் கிடக்கிறது.